துரை கேட்டு வாங்காத படம்

வண்டிப்பெரியாரில் பழைய மேனேஜர் பங்களா இப்போது விடுதியாகிவிட்டது. போன வாரம் ஒரு கூட்டத்துக்காகப் போனபோது, வரவேற்பறைச் சுவரில் நீங்கள் வரைந்த எஸ்டேட் மேனேஜர் துரையைப் பார்த்தேன். குடைக்குள் நின்றபடி, தொழிலாளர்களின் ஒழுகும் லயத்து வீடுகளைப் பார்த்து "எங்கே மழை?" என்று கேட்கிறார். சுற்றுலா வந்தவர்கள் அதன் பக்கத்தில் நின்று செல்ஃபி எடுத்தார்கள். நீங்கள் இருந்திருந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டிருப்பீர்கள்.

ஜெர்மன் படித்தவள் என்பதால், எஸ்டேட்டைப் பார்க்க வந்த உங்களுக்கு மொழிபெயர்க்க என்னை அழைத்தார்கள். நம் ஏழ்மையை வரைய இன்னொரு வெள்ளைக்காரர் என்றுதான் நினைத்தேன். நீங்களோ, உங்கள் ஊர்ப் பத்திரிகைகளில் அமைச்சர்களையும் முதலாளிகளையும் கேலிச்சித்திரமாக வரைந்தே கிழவரானவர்.

டீக்கடைப் பேச்சியம்மா கேட்டதற்காகத்தான் துரையை வரைந்தீர்கள். கடைச் சுவரில் ஒட்டினோம். துரை வந்து பார்த்தார், வயிறு குலுங்கச் சிரித்தார், உங்கள் கையைக் குலுக்கிவிட்டுச் சட்டம் போடப் படத்தை எடுத்துப்போனார். எங்களுக்கெல்லாம் பெருமை. உங்கள் டீ மட்டும் ஆறிக் கிடந்தது.

"வரையப்பட்டவனே படத்தைக் கேட்டால் நான் தோற்றுவிட்டேன்" என்றீர்கள். உங்கள் அமைச்சர்களும் அப்படித்தான் வாங்கி வீட்டில் மாட்டினார்களாம். ஆயுத ஆலை முதலாளி ஒருவர் போரில் செத்த குழந்தைகளுக்குப் போர்வை போர்த்திவிடும் படத்தை மட்டும் யாரும் கேட்கவில்லை. அதற்காகப் பத்திரிகை உங்களை வீட்டுக்கு அனுப்பியது. அதைச் சொல்லும்போதுதான் சிரித்தீர்கள்.

மறுநாள் இன்னொன்று வரைந்தீர்கள். அதில் துரை இல்லை. அவர் நாய்க்குப் புதிதாய்த் தகரம் போட்ட கூடு, கொட்டும் மழை, பாயைப் பிடித்தபடி கூட்டுக்குள் நீளும் ஒரு பெண்ணின் கை. கீழே எழுத வேண்டியதைப் பேச்சியம்மா சொன்னார்: "கொஞ்சம் தள்ளிப் படு சாமி, பிள்ளைக்குக் காய்ச்சலா கெடக்கு."

துரை அதைப் பார்த்தார். டீ குடிக்காமல் போனார்.

அடுத்த மழைக்குள் லயத்துக்குப் புதுக் கூரை வந்தது. படத்தால்தான் என்று அடித்துச் சொல்லமாட்டேன். தொழிலாளர் சங்கமும் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது. பேச்சியம்மாவிடம் இதைச் சொல்லிப் பயனில்லை.

விடுதியிலிருந்து நேரே அவர் கடைக்குத்தான் போனேன். புகையேறிய சுவரில் நாய்க்கூடு அப்படியே இருக்கிறது. யாராவது விலைக்குக் கேட்டார்களா என்றேன்.

"ஒருத்தரும் கேக்கல டீச்சர். கேட்டா மட்டும் குடுத்துருவனாக்கும்."

நீங்கள் இறந்துபோன செய்தியை அவரிடம் சொன்னேன். அடுப்பைத் தணித்துவிட்டுச் சற்று நேரம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் எப்போதாவது பத்திரிகைக்கு எழுதுகிறேன். சென்ற மாதம் ஓர் அதிகாரியைக் கண்டித்து எழுதியிருந்தேன். அவரே போனில் அழைத்து, பிரமாதம் என்றார். நன்றி சொல்லி வைத்தேன். பிறகு உங்கள் ஆறிப்போன டீ நினைவுக்கு வந்தது. அதே விஷயத்தை மறுபடி எழுத உட்கார்ந்தேன்.

இந்த முறை அவர் அழைக்கவில்லை.