கிளச் இல்லாத காரும் நானும்

என் உயிரான மச்சானுக்கு, உங்கள் கபுரின் மண்ணறையில் வெளிச்சமும் குளிர்ச்சியும் நிறைந்திருக்கட்டும்.

மனைவியாக உங்களுக்குத் துக்கம் காத்த நான்கு மாதம் பத்து நாள் இத்தா முடிந்து, போன வாரம்தான் வாசலுக்கு வந்தேன். உள்ளறையிலேயே கிடந்த அந்த மாதங்கள் எப்படிப் போயின என்றே தெரியவில்லை. கடல் இரையும்போதெல்லாம் நீங்கள் காரைக் கிளப்புகிறீர்கள் என்று எழுந்து உட்காருவேன். பிறகுதான் நீங்கள் மவுத்தானது நினைவுக்கு வரும்.

நான் உள்ளே இருந்த காலம் முழுக்க, கொழும்பிலிருந்து நீங்கள் கப்பலேற்றி வந்த அந்தப் பச்சைக் காரும் கீற்றுக் கொட்டகையிலேயே நின்றிருக்கிறது. துக்கம் முடியும்வரை அதைக் கிளப்பக்கூடாது என்று என் தம்பி காசிம் முடிவு செய்தானாம். வெள்ளிக்கிழமை தோறும் துடைத்துச் சாம்பிராணி மட்டும் காட்டியிருக்கிறான். காருக்கும் இத்தா! நீங்கள் கேட்டிருந்தால் சிரித்தே புரையேறியிருக்கும்.

இப்போது கிளப்பினால் இஞ்சின் உறுமுகிறது, சக்கரம் அசையவில்லை. ராமநாதபுரத்திலிருந்து வந்த மெக்கானிக் குனிந்து கிளச்சைத் தேடினார். கிளச்சே கிடையாது, கியர் தானாக மாறும் என்றதும் கையைத் துடைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

"லாத்தா, மச்சானோட இதுவும் மவுத்தாயிருச்சு. நாளைக்கு மதுரைக்காரன் வாரான், பிரிச்சு இரும்புக்குக் குடுத்துருவோம்" என்றான் காசிம். உங்கள் சட்டைகளைக்கூட ஏழைகளுக்குக் கொடுத்தாயிற்று. இதுவும் போனால் உங்கள் வாசத்தை நான் எங்கே போய்த் தேடுவேன்?

"நீ எப்படிடா கிளப்புன?"

"மச்சான் மாதிரியேதான். உக்காந்து பயண துஆவ நிதானமா ஓதி முடிச்சேன். அப்பறம் சாவியத் திருப்பி, கியரத் தட்டுனேன்."

அங்கேதான் எனக்கு உறைத்தது. நீங்கள் துஆ ஓதும்போது இஞ்சின் ஓடிக்கொண்டல்லவா இருக்கும்? பின்சீட்டுத் திரைக்குள்ளிருந்து எத்தனை முறை கேட்டிருக்கிறேன்! 'நியூட்ரல்ல கொஞ்சம் ஓடட்டும் புள்ள, எண்ணெய் ஏறணும்' என்பீர்களே.

"கியர் எண்ணெய் பார்த்தியா?"

"நெறைய இருக்கு லாத்தா."

"இஞ்சின் ஓடும்போது பார்த்தியா?"

பார்க்கவில்லையாம். நியூட்ரலில் ஓடவிட்டு அளவுக் கம்பியை உருவச் சொன்னேன். நுனிகூட நனையவில்லை. சும்மா நின்றபோது எண்ணெயெல்லாம் அடியில் இறங்கி, நிறைய இருப்பதுபோல் ஏமாற்றியிருக்கிறது. கசிந்து போனது மணலில் கறையாகக் கிடந்தது. நீங்கள் வைத்துவிட்டுப் போன டின்னிலிருந்த சிவப்பு எண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிவிட்டு, பின்சீட்டில் ஏறிக் காத்திருந்தேன்.

அந்த நேரம் கனவா நனவா, சொல்லுங்கள் மச்சான். உப்புக்காற்று வந்தது, இஞ்சின் தாலாட்டியது, முன்னால் இருந்தது உங்கள் முதுகாகவே தெரிந்தது. அது காசிம் என்று தெரிந்தும் நான் பேச்சுக் கொடுக்கவில்லை.

அவன் கியரைத் தட்டினான். கார் ஒரு குலுக்கு குலுக்கிவிட்டு முன்னால் நகர்ந்தது. வாய்விட்டு அழுதேன்.

"மதுரைக்காரன்ட்ட என்ன சொல்ல?"

"விக்கலன்னு சொல்லு."

"நான் பொழப்புக்குக் கொழும்புக்குப் போயிட்டா யாரு ஓட்டுவா?"

"நான்தான்."

கோபமா மச்சான்? கிளச் இல்லாத காருக்கு ஒரு கால் போதும் என்று பெருமையடித்தது யார்? ஊர் வாய் சும்மா இருக்காது, பேசிவிட்டுப் போகட்டும். உங்களுக்கு ஆகவில்லையென்றால் கனவில் வந்து திட்டுங்கள். அதற்காகவாவது வருவீர்களா?

இன்று பனங்காடு வரை ஓட்டினேன். உங்கள் சீட்டில் உட்கார்ந்தால் எனக்குக் கால் எட்டவில்லை. சீட்டை முன்னுக்கு இழுக்கச் சொன்னான் காசிம். எனக்கு மனம் வரவில்லை, முதுகுக்குத் தலையணை வைத்துக்கொண்டேன்.

நன்றாகப் பழகியதும் ஏர்வாடி தர்காவுக்கு நானே ஓட்டிப்போய் உங்களுக்காக ஓதிவிட்டு வருவேன். காரை இனி ஒரு வாரம்கூடச் சும்மா நிற்க விடமாட்டேன். அந்த சீட் மட்டும் நீங்கள் விட்டுப்போன இடத்திலேயே இருக்கும்.

என்றும் உங்கள் மாமன் மகள்,
மரியம்