ஒன்பதடியா, ஏழடியா

அக்டோபர் 7, செவ்வாய்

வெயில். புழுக்கம். புரட்டாசி பிறந்ததைச் சூரியனுக்கு யாரும் சொல்லவில்லை போல.

பொம்மையார்பாளையம் பட்டறையில் மேடம் இன்று வாய் திறந்தார். பஞ்சு வைத்த குயில்ட் போர்வைகளை இனி வீட்டிலேயே தைக்கலாம். ஒரே நிபந்தனை, துணியை இழுத்துக் கட்டித் தைக்கும் மரச் சட்டம் சொந்தமாக வேண்டும். 16-ஆம் தேதி நேரில் வந்து பார்ப்பார். இல்லையென்றால் வேலை வேறு ஆளுக்கு.

"இடம் இருக்கா?" என்றார்.

"ஏகப்பட்ட இடம் மேடம்."

பஸ்ஸில் வீடு வரும் வரை அந்த ஏகப்பட்ட இடம் எங்கே என்று யோசனை. தினம் போக வர நாலு பஸ், ஏற இறங்க முட்டிவலி. இந்த வேலை வீட்டுக்கு வந்தே தீர வேண்டும்.

8, புதன்

ஹால் பத்தடிக்கு ஒன்பதடி. உள்ளே இருப்பவை:
டிவி.
பீரோ, மூன்றடி. கல்யாணத்தன்று எனக்கு முன்னால் அதுதான் இந்த வீட்டில் காலெடுத்து வைத்தது.
நான். அளவு எழுதுவதாக இல்லை.

பட்டறைச் சட்டம் ஒன்பதடி. எனக்கும் ஒன்பதுதான். என்னோடு பட்டறையில் தைக்கும் கோட்டக்குப்பம் மும்தாஜ் வீட்டில் எட்டடி நிற்கிறதாம், அதை ஓரடியாவது தாண்ட வேண்டாமா? பொங்கலுக்குப் பதினாலு பேர் படுத்த ஹால் இது.

சனிக்கிழமை ஆசாரிக்கு அளவு சொல்ல வேண்டும். அதனால் கோலமாவால் தரையில் ஒன்பதுக்கு மூன்று கட்டம் போட்டேன். அதுதான் சட்டம், யாரும் மிதிக்கக் கூடாது என்று உத்தரவு. உப்பளத்திலிருந்து வந்த வீட்டுக்காரர் (இனி வீ.கா.; பேரை எழுதினால் ஆயுசு குறையுமாம், உப்பு சீசன் முடியும் வரையாவது இருக்கட்டும்) நண்டு மாதிரி ஓரமாக நடந்து போய் அடுக்களை வாசலில் உட்கார்ந்து சாப்பிட்டார். இருபத்தேழு வருடப் பழக்கம்.

எதிர் வீட்டு அமுதா எட்டிப் பார்த்தாள். "இன்னாக்கா இது, யாருக்குனா மந்திரிக்கிறீங்களா?"

"ஆமா, எதிர் வூட்டுக் கண்ணுக்கு."

9, வியாழன்

தெருவெல்லாம் பரவிவிட்டது. உப்புக்கு விலை ஏற நான் பூஜை செய்கிறேனாம். விபூதி கேட்டு இரண்டு பேர் வந்தார்கள். கொடுத்தேன். வந்தவர்களை வெறுங்கையோடு அனுப்புவதா?

ஒன்பதடி உறுதி. மாவு ஓரிடத்திலும் கலையவில்லை. என் திட்டமிடலை நானே மெச்சியபடி தூங்கினேன்.

10, வெள்ளி

விடியலிலிருந்து மழை. உப்புப் பாத்தியெல்லாம் மழைத் தண்ணீர். இந்த வருட உப்பு அவ்வளவுதான். பஸ்ஸும் வரவில்லை.

மதியம் வீ.கா. வந்தார். கூடவே உப்பு இழுக்கும் பலகைகள் நாலு, ஒவ்வொன்றுக்கும் எட்டடிக் கம்பு. கூடைகள், தார்ப்பாய், மோட்டார். எல்லாம் ஹாலுக்குள்.

"இதெல்லாம் எங்கங்க வெக்கிறது?"

"வருசா வருசம் வெக்கிற எடத்துலதான்."

"அங்க என் சட்டம் வருது."

"சட்டம் இன்னும் வரல. மழ வந்துட்ச்சு."

சொல்லிவிட்டு என் கட்டத்தின் நடுவிலேயே படுத்துக் குறட்டை. எழுந்தபோது முதுகில் பாதிக் கோடு.

உப்பளக்காரன் பெண்டாட்டி வெயில் நாளில் வீட்டை அளப்பாளா? அளந்தேன். மழை பிடித்தால் பொங்கல் வரை உப்பளச் சாமான் எல்லாம் உள்ளே, இந்த வீட்டின் அளவே வேறு. மேடம் வர ஆறே நாள் இருக்கிறது. சாப்பாடு இறங்கவில்லை. (இரண்டு தோசைதான்.)

11, சனி

தூறல். கிளியனூர் ஆசாரி வந்தார். கம்புகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"போர்வ எவ்ளோங்க?"

"ஆறடிக்கு ஏழரை."

"அப்புறம் ஏன் ஒம்போது கேக்கிறீங்க?"

"பட்டறைல அப்டித்தான்."

"அங்க நாலு பேரு வரிசையா குந்தித் தெப்பாங்க. நீங்க ஒருத்தர்தானே? நீளத்த உருட்டுக் கட்டைல சுத்திடப் போறீங்க. அகலத்துக்குத்தான் எடம் வேணும். ஆறடி, ரெண்டு பக்கமும் அரையரை. ஏழு போதும். பின்னால செவுத்தோட ஒட்டிடுங்க, குந்துற பக்கம் ரெண்டடி விடுங்க."

மும்தாஜின் எட்டு ஒரு நொடி கண்ணில் வந்து போனது. ஏழு என்றேன்.

ஆனால் நீளச் சுவர் பத்தடி. ஏழும் பீரோவும் சேர்ந்தால் சரியாய்ப் பத்து. கட்டையைத் திருகக் கை எங்கே நுழையும்? கம்புகள் எங்கே நிற்கும்?

வீ.கா. முதல் முறையாக, கேட்காமலே கருத்துச் சொன்னார். "பீரோவ நவுத்து."

எல்லாரையும் ஒதுங்கச் சொன்னேன், என் பீரோவைத் தவிர. அது உண்மைதான். ஒப்புக்கொள்ள ராத்திரி ஆயிற்று.

12, ஞாயிறு

பீரோ காலி செய்தேன். எனக்குச் சேராத ஜாக்கெட் பதினொன்று. பீரோ படுக்கை அறைக்குப் போனது. இனிச் சேலை எடுக்கக் கட்டில் மேல் ஏற வேண்டும். பீரோ நின்ற மூலையில் கம்புகளை நிமிர்த்தி வைத்தார் வீ.கா. கூடைகளும் மோட்டாரும் கட்டிலுக்கு அடியில்.

15, புதன்

சட்டம் வந்தது. சுவரோடு நின்றது. திருகினேன், முழங்கை இடிக்கவில்லை.

16, வியாழன்

மழை. மேடம் குடையோடு வந்தார். கட்டையைச் சுற்றிப் பார்த்தார், துணியைத் தட்டிப் பார்த்தார், உட்கார்ந்தும் பார்த்தார். "ரொம்ப சரியா இருக்கு." மூன்று போர்வைக்கான துணியும் பஞ்சும் இறக்கிவிட்டுப் போனார்.

வீ.கா. தலையணையோடு வந்து நின்றார். "நாளைக்கு எத்தினி மணி பஸ்ஸு?"

"இனிமே பஸ்ஸே கெடயாதுங்க."

"அப்ப பகல் பூரா நீயும் வூட்லதானா?"

"ஆமாங்க."

உப்பளம் மூடிய அன்றுகூட அந்த முகம் அப்படித் தொங்கவில்லை.