கல்மண்டபம்: நாளுக்கு ஒன்பது பேர்

ஜூலை 8, செவ்வாய்

காலையிலேயே புழுக்கம். ஆபீஸில் ஓடுகிற ஒரே ஃபேனும் மேனேஜர் பக்கம்.

வேலை: கழிப்பறைப் பட்டியல், வெள்ளிக்குள். தையல் கடையில் ரவிக்கை. அம்மாவுக்கு பி.பி. மாத்திரை.

எந்தப் பொதுக் கழிப்பறைக்கு நாளுக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்பதுதான் பட்டியல். ஐம்பதுக்குக் கீழே போனால் பூட்டு, பராமரிப்புப் பணம் வேறு இடத்துக்கு. கல்மண்டபம் பெண்கள் கழிப்பறை: 9. மூன்று மாதமாக இதேதான். மீன் மார்க்கெட் பக்கத்தில் ஒன்பதே பேரா? போன மாதமும் டைப் அடித்தது நான்தான். அப்போது உறைக்கவில்லை, தடிமாடு.

ஜூலை 9, புதன்

சாப்பாட்டு நேரத்தில் நேரிலேயே போனேன். வாசலில் சுழல் கம்பி. ஆள் தள்ளிக்கொண்டு நுழைந்தால் மேலே எண் ஒன்று கூடும். மீன்காரம்மா ரெண்டு பேர், தலையில் கூடை. அங்கே வேலை பார்க்கும் குமுதாக்கா பக்கக் கதவைத் திறந்துவிட்டார்!

"ஏங்க்கா, கம்பி வழியா விடலையா?"

"கூடையோட எப்டிமா அதுல பூர்றது? வெளிய வச்சா பூனை இஸ்துகினு பூடும். பாவம், அவசரத்துக்கு ஓடியாறதுங்க."

விஷயத்தைச் சொன்னேன். அக்காவுக்கு முகம் செத்துவிட்டது.

"அய்யய்யோ. என் வேலை போனா போவட்டும். இதுங்கோ எங்கமா போவும்? வூடு போற வரிக்கும் அடக்கிகினே கெடக்கணுமா?"

முடிவு: பக்கக் கதவுக்குப் பூட்டு. கூடைக்கு அக்கா காவல்.

ஜூலை 10, வியாழன்

சாயங்காலம் அக்கா போன். 132! சந்தோஷத்தில் ரவிக்கை மறந்தே போச்சு.

ஜூலை 11, வெள்ளி

மேனேஜர் பட்டியலைத் தூக்கி மேஜையில் போட்டார். "மூணு மாசமா ஒம்பது. நேத்து மட்டும் நூத்தி முப்பத்திரண்டா? யாரு உக்காந்து கம்பியைச் சுத்தினது? அந்தம்மாவுக்கு மெமோ அடி. பொய்க் கணக்குன்னா உனக்கும் சேத்துத்தான்."

"வந்து பாருங்க சார், அப்புறம் அடிக்கிறேன்." பேசியது என் வாய்தானா?

பதினோரு மணிக்கு மெமோ பேப்பரும் கையுமாக சாரோடு அங்கே போனேன். அக்கா உள்ளே கழுவிக்கொண்டிருந்தார். கம்பி மேலே எண் 61. வாசலில் ஈ காக்கை இல்லை. "எங்கம்மா உன் கூட்டம்?" என்று சார் ஆரம்பிக்கும்போதே ஒரு மீன்காரம்மா ஓட்டமாக வந்தார். சுற்றுமுற்றும் பார்த்தார். அக்காவைக் காணோம்.

"புடி நைனா, தோ வந்துர்றேன்."

கூடை சார் கையில். 62. பின்னாலேயே இன்னும் ரெண்டு பேர். "இத்தையும் பாத்துக்க நைனா, காக்கா வரும்." காலடியில் ரெண்டு கூடை. 63, 64.

எனக்குச் சிரிப்பு ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். சார் சட்டையெல்லாம் மீன் தண்ணீர். அக்கா வெளியே வந்து பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

"இதை எங்கம்மா வைக்கிறது?" என்றார் சார்.

"வைக்கத்தான் சார் எடமே இல்ல. அதான் இத்தினி நாளு பக்கக் கதவால வுட்டேன், எண்ணு ஏறல."

சார் கம்பி மேலே எண்ணைப் பார்த்தார், கையிலிருந்த கூடையைப் பார்த்தார். பிறகு என்னிடம், "அந்த மெமோ பேப்பரைத் திருப்பு. எழுது." எழுதினேன். கூடை வைக்க மேடை, ஒன்று.