காலை நாடி

மார்ச் 3
மகளுக்குக் காய்ச்சல் விட்டு நான்கு நாளாகிறது. ஓட்டப் போட்டிக்கு இன்னும் மூன்று வாரம். என்னிடம் பயிற்சி எடுக்கும் பதினாறு பிள்ளைகளுக்கும் உள்ள சட்டம்தான் அவளுக்கும்: விழித்ததும் படுக்கையிலேயே நாடியை எண்ணி நோட்டில் ஏற்ற வேண்டும். காய்ச்சலுக்கு முன் 72. இன்று 96. பக்கத்துக் கட்டத்தில் காரணம் எழுதினேன்: பயம்.

மார்ச் 6
104. ஒரே சுற்றில் வயிற்று வலி என்று உட்கார்ந்துவிட்டாள். எழுதினேன்: நடிப்பு.

மாலையில் நாத்தனார் வந்தாள். நர்ஸாம், வந்தால் அதிகாரம்தான். மகளின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "சும்மா படுத்திருக்கிற பிள்ளைக்கு இப்படித் துடிக்குதே. டாக்டர்கிட்ட காட்டும்மா" என்றாள்.

"என் பிள்ளையை எனக்குத் தெரியும், அண்ணி. நீங்க உங்க வார்டைப் பாருங்க."

மார்ச் 7
அக்கா பேச்சைக் கேட்டுவிட்டு வீட்டுக்காரர் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறார். இருக்கட்டும்.

மார்ச் 9
112. ஓட அனுப்பினேன். நான்தான் அனுப்பினேன். இரண்டாவது வளைவில் விழுந்தாள். உதடெல்லாம் நீலம்.

மார்ச் 10
ஐ.சி.யூ. வாசல். "இதயத் தசையில அழற்சிங்க. காய்ச்சல் கொண்டுவந்த கிருமி பண்ற வேலை. எப்ப ஆரம்பிச்சதுன்னு சொல்ல முடியுமா?" என்று டாக்டர் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் நாத்தனார் என் பையிலிருந்து நோட்டை எடுத்து நீட்டிவிட்டாள். ஒரு வார்த்தை கேட்கவில்லை.

டாக்டர் எண்களைப் படித்தார். பக்கத்துக் கட்டத்தையும் படித்தார். நோட்டை மூடி என்னிடமே தந்தார். திட்டித் தொலைத்திருக்கலாம். எனக்கு நாத்தனார் மேல்தான் ஆத்திரம் — வேறு யார் மேல் படுவது? என் மேலா?

மார்ச் 11
கண் திறக்கவில்லை.

மார்ச் 21
வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். ஆறு மாதம் ஓடக்கூடாது. அதன்பிறகும் இதயத்தைப் பார்த்துத்தான் சொல்வார்களாம்.

நான் மருந்து வாங்கப் போன நேரம் மகள் நோட்டைப் புரட்டியிருக்கிறாள். "நான் நடிச்சேன்னா நினைச்ச?" என்றாள். மருந்துப் பையைப் பிரித்தேன். ஆமாம்டி, அப்படித்தான் நினைச்சேன்.

ஏப்ரல் 18
வீட்டுக்கு வந்து பத்து நாள். நான் நாடி பார்க்கப் போனால் கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொள்கிறாள். அதனால் நாத்தனார் தினமும் வேலைக்குப் போகிற வழியில் வருகிறாள். செருப்பை வாசலுக்குக் குறுக்கே கழற்றிப் போடுகிறாள். அவளை எனக்கு இன்னும் பிடிக்கவில்லை. அத்தையைக் கண்டதும் மகள் தானாகவே கையை நீட்டுகிறாள்.

"எண்பத்திநாலு. எழுதிக்கோ" என்கிறாள் நாத்தனார்.

எழுதிக்கொள்கிறேன். புது நோட்டில் தேதிக்கும் எண்ணுக்கும் மட்டும்தான் கோடு போட்டிருக்கிறேன்.