மலாயாப் பொரி

சிவமயம்

அச்சுவேலி,
ஆவணி மாதம், 1936.

அன்புள்ள மகள் மகாதேவிக்கு ஐயா எழுதிக்கொள்வது.

நாங்கள் யாவரும் சுகம் என்று எழுதத்தான் கை போனது. அதில் பாதி பொய் என்பதால் பிரித்து எழுதுகிறேன். அம்மா சுகம். ஆடு சுகம். உன் மாமன் சீவரத்தினம் சுகம், அவன் வாயும் வழமைபோலச் சுகம். நான் சுகமில்லை. நீயும் மருமகனும் பேரனும் மலாயாவில், தைப்பிங்கில் நோய் நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று நல்லூர்க் கந்தனைக் கும்பிட்டுக்கொண்டு மிச்சத்தை எழுதுகிறேன். இந்தக் கடிதத்தைத் தனியாக இருந்து வாசி. வாசித்து முடிந்ததும் அடுப்பில் போடு. மருமகனிடம் மட்டும் சொல்லலாம், அவர் வாய் இறுக்கமானவர், உன் மாமனைப் போல அல்ல.

உன் கடிதம் போன கிழமை கிடைத்தது. அம்மா பக்கத்தில் இருந்து கேட்க நான்தான் வாசித்தேன். பேரன் தவழுகிறான் என்ற இடத்தை மறுபடி மறுபடி வாசிக்கச் சொன்னாள். கடைசிப் பக்கத்தில் ஒரு நாலு வரியை மட்டும் நான் விழுங்கிவிட்டேன். ஐயாவுக்குச் செய்கிற பொரியில் அம்மா இனிப்புக்கு என்ன போடுகிறா, எழுதுங்கோ, இங்கே ஆசுப்பத்திரியில் தெரிந்த தாதி மிசியிடம் கேட்டு எழுதுகிறேன் என்று எழுதியிருந்தாயே, அந்த வரிகள். பிள்ளை, நீ யாரிடமும் கேட்க வேண்டாம். கேட்டு வருகிற பதில் எனக்குத் தெரியும். அது கடிதத்தில் இங்கே வந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

எனக்குச் சலரோகம் என்கிற நீரிழிவு கண்ட நாளில் டாக்குத்தர் சொன்னதை அம்மா வேதம் போலப் பிடித்துக்கொண்டவள். சீனி தொடக் கூடாது, சோற்றைக் குறைக்க வேண்டும், காலையில் பிட்டும் இடியப்பமும் வேண்டாம், தவிடு போகாத தானியம் ஏதாவது சாப்பிட வேண்டும். குரக்கன் ரொட்டியைத் தின்று தின்று எனக்கு நாக்கே மரத்துப்போன நேரத்தில்தான் உன் முந்திய கடிதம் ஒன்று வந்தது. மருமகனுடைய துரை வீட்டில் ஓட்சு என்ற தானியத்தையும் கொட்டைகளையும் தேனில் பிரட்டிப் போறணை அடுப்பில் வாட்டி எடுத்து, காலையில் பாலை ஊற்றிச் சாப்பிடுகிறார்கள், மாட்டுக்குத் தீனி வைத்தது போல இருக்கும் என்று பகிடிக்கு எழுதியிருந்தாய். அம்மா அதைப் பகிடியாக எடுக்கவில்லை. ஓட்சுக்கு எங்கே போக, போறணைக்கு எங்கே போக. தினையைத் தாச்சியில் போட்டுப் பொரித்தாள். பயறும் எள்ளும் கச்சான் கடலையும் ஒவ்வொன்றாக வறுத்தாள், ஒன்றின் சூடு மற்றதற்கு ஆகாது என்று சொல்லி. தேங்காய்ச் சொட்டைச் சின்னச் சின்னதாகச் சீவிச் சிவக்க வாட்டினாள். தேன் இல்லை. வீட்டில் இருந்த பனங்கட்டியைக் காய்ச்சிப் பாணியாக்கி ஊற்றிப் பிரட்டி, சுளகில் பரப்பி ஆறவிட்டு, உதிர்த்துப் பேணியில் போட்டாள். மலாயாப் பொரி என்று பேரும் வைத்தாள். நல்ல ருசி என்பதை நான் மறைக்க மாட்டேன். ஆட்டுப்பாலை விட்டுச் சாப்பிட்ட முதல் நாள், வருத்தக்காரனுக்கும் இப்படி ஒரு காலை உண்டா என்று நினைத்தேன்.

எங்கள் வீட்டில் சீனி என்றால் என்ன என்று உனக்குத் தெரியும். கடையில் வாங்குகிற வெள்ளைச் சாமான். பனங்கட்டியை யாராவது சீனி என்று சொல்லுவார்களா. எங்கள் பனையில் இறக்கிக் காய்ச்சியது, சூட்டுக்கு நல்லது, பரியாரியார் தூள் மருந்தையே அதில் குழைத்துத்தான் தருகிறார். அம்மா வீட்டில் ஒரு மணி சீனி வைத்திருக்கவில்லை. சீவரத்தினத்தின் மகள் கலியாணத்தில் என் இலையில் விழுந்த பலகாரத்தைச் சபைக்கு நடுவே கையை விட்டு எடுத்தாள், எனக்கு மானம் போனது. அப்படிக் காவல் காத்தவள்தான் ஒவ்வொரு காலையும் என் கோப்பையில் பனங்கட்டியைப் போட்டுத் தந்தாள். நானும் கோப்பையை வழித்துச் சாப்பிட்டேன்.

பனையின் கருக்கு மட்டை கிழித்த கால்விரல் ஆறாமல் கிடந்தது உனக்குத் தெரியும். அது கறுத்து மேலே ஏறியபோது சீவரத்தினம் வண்டி கட்டிக்கொண்டு ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோனான். புதிதாக வந்திருக்கிற டாக்குத்தர் கனிசியஸ் பொறுமையான மனிதர். காலையில் என்ன சாப்பிடுவீர்கள் என்று கேட்டார். நான் பெருமையாக உன் கதையில் தொடங்கி அம்மாவின் பேணி வரைக்கும் சொன்னேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டு, ஐயா, வெள்ளையெண்டால் என்ன கறுப்பெண்டால் என்ன, உள்ளுக்குப் போனால் ரெண்டும் ஒண்டுதான், இதைத் தின்னவோ சீனியை நிப்பாட்டச் சொன்னது என்று கேட்டார். தேன் என்றாலும் அதே கதைதானாம். பிறகு காலைப் பார்த்தார். முழங்காலுக்கு மேலே போய்விட்டது, வெட்டினாலும் என் இருதயம் தாங்காது, கொழும்பிலிருந்து சலரோக ஊசி எடுப்பித்தாலும் காலம் கடந்துவிட்டது என்றார். இந்தப் பொரி இல்லாவிட்டாலும் வருத்தம் இங்கேதான் கொண்டுவந்து விட்டிருக்கும் என்றும் சொன்னார். ஆறுதலுக்குச் சொன்னாரா உண்மையா என்று நான் கேட்கவில்லை. அம்மாவும் மாமனும் வெளியே வேப்பமரத்தின் கீழே நின்றார்கள். அவளுக்குச் சொல்ல வேண்டாம் என்று அவர் கையைப் பிடித்துக் கேட்டேன். அவர் ஓம் என்று தலையாட்டினார். வெளியே வந்து அம்மாவிடம், டாக்குத்தர் உன்ரை பொரியை நல்லதெண்டவர் என்றேன். அவள் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும்.

அதன்பின் சாப்பிடாமல் விட்டுப் பார்க்கலாம் என்று நினைத்தேன், மனிதனுக்கு ஆசை விடாதுதானே. முருங்கையடியில் கட்டியிருக்கிற மறியாட்டுக்குக் கோப்பையைக் கவிழ்த்தேன். அந்தச் சனியன் காலை விடிந்ததும் என்னைப் பார்த்துக் கத்தத் தொடங்கிவிட்டது. அம்மா கண்டுபிடித்துவிட்டாள். கோபிப்பாள் என்று பார்த்தால் அழுதாள். உங்களுக்கு வாய் கைச்சுப் போச்சு, அதுதான் இறங்குதில்லை என்று சொல்லி மறுநாள் பாணியை இன்னும் கூட்டி ஊற்றினாள். அன்றிலிருந்து சாப்பிடுகிறேன். இனி விட்டாலும் ஒன்றுதான், தின்றாலும் ஒன்றுதான். அவள் காணத் தின்றால் அவளுக்கு அன்றைய பகல் நன்றாகப் போகிறது.

பண்டத்தரிப்புச் சின்னாச்சி, தன் மனிசனுக்கும் இதே வருத்தம் என்று பக்குவம் கேட்டு வந்தாள். காலமையிலை இது உள்ளுக்குப் போறதாலைதான் இவரின்ரை உயிர் நிக்குது என்று அம்மா அவளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். கேட்டுக்கொண்டு படுத்திருக்க எனக்கு முடியவில்லை. சுண்ணாம்பு கேட்டு அம்மாவை உள்ளே அனுப்பிவிட்டு, சின்னாச்சியிடம் விஷயத்தைச் சொன்னேன். பனங்கட்டியை விட்டுவிட்டுச் செய், ஆனால் இவளுக்கு மூச்சு விடாதே என்று கும்பிட்டுக் கேட்டேன். ஒரு மனிதனைச் சாகவிட்டு இதை மூட முடியாது. சின்னாச்சி வாயைத் திறக்க மாட்டாள் என்று நம்புகிறேன், நம்பத்தான் முடியும்.

நீ கப்பல் ஏற நினைக்காதே. பால்குடிப் பிள்ளையோடு நீ காங்கேசன்துறைக்கோ கொழும்புக்கோ வந்து இறங்கும்போது நான் இருக்க மாட்டேன். புண்ணின் மணத்தை நானே அறிகிறேன். அம்மா வேப்பிலை அவித்த தண்ணீரால் கழுவிவிட்டு, இண்டைக்குக் கொஞ்சம் வாடியிருக்கு என்கிறாள். நான் ஓம் என்கிறேன். உன்னில் ஒரு பிழையும் இல்லை. நீ பகிடிக்கு எழுதினாய், அவள் பாசத்தில் செய்தாள், நான் ருசிக்குத் தின்றேன். இதில் யாரைப் பிடித்துக் கூண்டில் ஏற்றுவது. ஆனால் அம்மா தன்னை ஏற்றிவிடுவாள். அவளை எனக்குத் தெரியும். அறிந்தாள் என்றால் அதோடு அடுப்பு மூட்ட மாட்டாள், தண்ணீர் வெந்நீர் குடிக்க மாட்டாள், உன்னிடம் வந்து இருக்கவும் மாட்டாள். உனக்கு நான் விட்டுப்போகிற வேலை இது ஒன்றுதான். எனக்குப் பிறகு உன் கடிதங்களைச் சீவரத்தினம்தான் அவளுக்கு வாசிப்பான், கோயில் மணியடித்தது போலத் தெருவெல்லாம் கேட்க வாசிப்பான். ஆகையால் சலரோகம், பனங்கட்டி, டாக்குத்தர் என்ற சொற்கள் எதுவும் உன் பதிலில் இருக்கக் கூடாது.

இப்போது அம்மா வந்து குந்தியிருக்கிறாள். இவ்வளவு நேரமாக என்ன எழுதுறியள் என்று கேட்டாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது என்பது இத்தனை காலத்தில் இன்றைக்குத்தான் எனக்கு உதவியது. பொரிப் பக்குவத்தை எழுதுகிறேன் என்றேன். மெத்தச் சந்தோஷம். அவள் சொல்லச் சொல்ல எழுதுகிறேன். தினை வெடிக்கிற சத்தம் அடங்க முன்னமே இறக்க வேண்டுமாம். எள்ளைக் கழுவி நன்றாக உலர்த்தி வறுக்க வேண்டுமாம், நீ அவசரக்காரி, ஈரத்தோடு போடுவாயாம். சுக்கும் ஏலமும் தட்டிப் போட வேண்டுமாம். பிள்ளைக்குப் பால் குடுக்கிறவள், உடம்பு தேற வேணும், பனங்கட்டியைக் கொஞ்சம் கூடப் போடச் சொல்லுங்கோ என்கிறாள். அப்படியே எழுதிவிட்டேன். உனக்கு ஒரு குறையும் வராது, பயப்படாமல் சாப்பிடு.

மருமகனுக்கும் பேரனுக்கும் உனக்கும் என் ஆசீர்வாதம். நீண்ட ஆயுளோடும் நிறைந்த மனத்தோடும் இருங்கள். மறக்காமல் ஒன்று செய். இனிமேல் கடிதத்தின் மேலுறையில் என் பெயரை எழுதாதே, தங்கமுத்து என்று அம்மாவின் பெயரை எழுது. அவள் பெயருக்கு இதுவரை ஒரு கடிதமும் வந்ததில்லை. ஒவ்வொரு கடிதத்திலும் அந்தப் பொரியைப் பற்றி ஏதாவது ஒரு சந்தேகம் கேள். பதில் சொல்லுகிற சாட்டிலாவது அவள் அடுப்பை மூட்டுவாள்.

இப்படிக்கு
உன் ஐயா
வே. பரமலிங்கம்