தோப்புக்குள் பாதி, வெளியே பாதி

ஜூன் 8, ஞாயிறு

மழை. ஸ்ரீவராகத்தில் என் வீட்டு மாடியில் வழக்கம்போல மூன்று பேர்: நான், உமாசங்கர், பிரபின். மேஜைமேல் குளச்சல் போர். தெர்மகோல் மேடு, ஈர்க்குச்சித் தென்னைகள், விரல்நீளச் சிப்பாய்கள். நான் திருவிதாங்கூர், உமா டச்சுக்காரன். விளையாட்டு விதிகள் முழுக்க நான் எழுதியவை.

என் குதிரைப்படை தென்னந்தோப்புக்குள் பாதி, வெளியே பாதி நின்றது. உமா சுட்டான். தோப்புக்குள் நிற்கும் படையைச் சுடக்கூடாது என்பது விதி. பாதி நின்றால்? எழுதவில்லை. தோன்றவே இல்லை. விதி சொல்லாத இடத்தில் பகடை உருட்டித் தீர்ப்பது எங்கள் வழக்கம். பிரபின் பகடையை எடுத்தும்விட்டான். "மதி சேச்சி, இட்டுப் பாக்கலாம்." நான் விடவில்லை. எழுதினவளுக்குத் தெரியாதா என்ன நினைத்து எழுதினாள் என்று? உள்ளேதான் என்றேன்.

உமா தூரம் அளக்கும் ஸ்கேலைக் கீழே வைத்தான். "நீயே எழுதி, நீயே ஆடி, நீயே அர்த்தமும் சொன்னா, பின்ன நான் எதுக்குடீ மதி?"

ஜூன் 9

ஆபீஸில் பிறர் கணக்கில் ஓட்டை கண்டுபிடிக்கத்தான் எனக்குச் சம்பளம். என் விதியிலேயே ஓட்டை. வெட்கக்கேடு. ஒரு சிப்பாய் தோப்பைத் தொட்டாலும் படை முழுதும் உள்ளே என்று சேர்த்தேன். இனிச் சண்டை வராது.

ஜூன் 15, ஞாயிறு

வந்தது. உமா ஒரே ஒரு சிப்பாயைத் தோப்போரம் ஒட்ட வைத்து, மீதி அத்தனை பேரையும் திறந்த மணலில் நீளமாக நிறுத்தினான். "ஒருத்தன் தொட்டாப் போறும்னு நீதானே எழுதினே? எங்கே, சுடு பாக்கலாம்." சிரிப்பு வேறு.

எனக்குத் தலைக்கேறிவிட்டது. "அழுகுணி ஆட்டம் ஆடறதுன்னா இனிமே இங்கே வராதே" என்றேன்.

"வரல."

பிரபின் என்னையும் பார்த்தான், அவனையும் பார்த்தான். பிறகு உமா பின்னாலேயே இறங்கிப் போனான்.

ஜூன் 22, ஞாயிறு

யாரும் வரவில்லை. உளுந்து வடை போட்டிருந்தேன்.

ஜூன் 25

ஐயோ, ஏன் அப்படிச் சொன்னேன்? இந்த ஊரில் எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்? பள்ளிக்கூட நாளிலிருந்து உமா ஒருத்தன். அவன் கூட்டிவந்தவன் பிரபின். ஞாயிற்றுக்கிழமை போனால் வாரம் பூராவும் ஆபீஸில் மலையாளத்தில் "ஃபைல் வந்நோ மேடம்" மட்டும்தான். அதெல்லாம் ஒரு பேச்சா?

மன்னிப்புக் கேட்கவேண்டும். போனை எடுத்தேன், வைத்தேன் — எனக்கு விதி எழுதத்தான் தெரியும். அதையே ஓட்டை இல்லாமல் எழுதித் தருகிறேன். அவனுக்குப் புரியாதா?

ஜூலை 3

முடித்தேன். தோப்பு, மதில், புகை, மழையில் நனைந்த வெடிமருந்து... எல்லாவற்றுக்கும் விதி உண்டு. பகடை உருட்டித் தீர்க்கும் வழக்கத்தை எடுத்துவிட்டேன், இனி அதற்கு வேலையில்லை. இருவருக்கும் வாட்ஸப்பில் அனுப்பினேன்.

பார்த்துவிட்டார்கள். பதில் இல்லை.

ஜூலை 5

பிரபின் கூப்பிட்டான்.

"சேச்சிக்கு வருத்தமா ஒண்ணும் தோணக்கூடாது, கேட்டோ. நாங்க இப்ப உமாசேட்டன் வீட்லயாக்கும் கூடறது. சேச்சியோட பழைய ரூல்தான். மனசிலாகாத எடம் வந்தா டைஸ் இடுவோம், சிரிப்போம், அவ்வளவுதான்."

நீங்களும் வாங்க என்பான் என்று காத்திருந்தேன்.

"பின்ன... சேச்சிக்கு சுகந்தானே?"

சுகம்தான் என்றேன். போனை வைத்ததும் அழுகை பொத்துக்கொண்டு வந்தது. என் விதி அவர்களுக்கு வேண்டியிருக்கிறது. நான்தான் வேண்டாம்.

ஜூலை 6, ஞாயிறு

புது விதிகளை வைத்து இரண்டு பக்கமும் நானே ஆடினேன். ஓரிடத்தில்கூடச் சந்தேகம் வரவில்லை. முன்பெல்லாம் லைட் போட்ட பிறகும் முடியாது. இன்று வெளிச்சம் இருக்கும்போதே முடிந்துவிட்டது.