ஹெரனின் வால்

1971 செப்டெம்பர் 6, திங்கள்
கச்சான் காற்று, மேற்கிலிருந்து. முற்றமெல்லாம் மண். காலை 7.40க்கு ஹெரன் விமானம் சீனன்குடாத் தளத்தில் இறங்கப் போனது, எங்கள் லிங்கநகருக்கு மேலாக, மிகப் பதிவாக, கூரையைத் தொடுமாப்போல. நாலு எஞ்சின், ஒடுங்கி நீண்ட உடம்பு. வால் சிறகுகள் இரண்டும் சற்றே மேல்நோக்கி. அந்தச் சாய்வை இன்னும் கொப்பியில் பென்சிலால் சரியாகக் கீற வரவில்லை. அதற்குள் பால் பொங்கி ஊற்றிவிட்டது.
அம்மா: "வானத்தில இருந்தோ எங்களுக்குப் பால் வருது?"
நாளைக்கு: நூலகப் புத்தகம் இரண்டு, நீல மை, அப்பாவின் சேட்டுக்குப் பொத்தான்.

செப். 7
அப்பா வேளைக்கே வந்துவிட்டார். தேத்தண்ணி தொடவில்லை. அவர் வேலை செய்யும் விமானத் தளத்துப் பண்டகசாலைக்கு அவர் பெயரில் லண்டனிலிருந்து கடிதமாம். உடைத்தே கொடுத்தார்களாம்.
விமானச் சஞ்சிகைக்கு ஆனியில் நான் அனுப்பியது, திரும்பி வந்திருக்கிறது. ஒரு படம், கூடவே ஒரு பட்டியல்: வால் இலக்கம், இறங்கிய நேரம், வந்த திசை. எங்கள் ஒழுங்கையில் தபால் எல்லாம் கடையில் கிடக்கும், ஊரே வாசித்த பிறகுதான் வீட்டுக்கு வரும். அதனால் அப்பாவின் பெயரும் அவர் வேலைக் கந்தோர் முகவரியும் போட்டேன். அரசுக்கு எதிரான ஏப்ரல் குழப்பத்துக்குப் பிறகு அங்கே வெளிநாட்டுக் கடிதங்களைத் திறக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் யோசிக்கவில்லை.
"பிள்ளை, நீயோ எழுதினனீ?"
"ஓம் அப்பா."
எழும்பிக் கிணற்றடிக்குப் போனார்.
என் கொப்பியில் உள்ள அந்தப் பட்டியலை அந்நியர் கண்ணால் வாசித்துப் பார்த்தேன். வேவு.

செப். 8
தளத்துச் சாரதி காசிம் நானா படலையில் நின்று சொன்னது. படம் தன்னுடையதென்று அப்பா சொல்லியிருக்கிறார்.
"தளத்துப் பெரியவர் பென்சில் குடுத்து, இப்ப கீறுங்க பாப்பம் எண்டிட்டார். உங்கட ஐயா கீறினதப் பாத்தா, தங்கச்சி, எருமைக்குச் செட்டை முளைச்ச மாதிரி! எத்தினை எஞ்சின் எண்டு கேட்டதுக்கு ரெண்டாம்."
சிரித்துவிட்டேன். அம்மாவின் முகத்தைக் கண்டு நிறுத்தினேன்.
இருபது வருடம் அந்த இடத்தில் ஆணியும் திருகாணியும் எண்ணியவர், தலை நிமிர்ந்து பார்த்ததே இல்லை. விசாரணை முடியும்வரை வேலை இல்லை. கடைசிவரை என் பெயரைச் சொல்லவில்லையாம்.

செப். 9
அம்மா அடுப்படியில் மண்ணெண்ணெய்ப் போத்தலை வைத்துவிட்டுப் போனார். எரிக்கத்தான். அலுமாரியில் என் கொப்பிகள் மூன்று, எல்லாம் விமானம்.
எரித்தால் கீறியது யாரென்பதற்குச் சாட்சி இல்லை. அப்பா பொய்யராகவே நிற்பார். கொண்டுபோய்க் கொடுத்தால் என் பெயர் கோப்பில் ஏறும். நான் காத்திருக்கும் ஆசிரிய நியமனத்துக்குப் பொலிஸ் அறிக்கை கேட்பார்கள்.
போத்தலைக் குசினித் தட்டில் திருப்பி வைத்தேன்.

செப். 10, வெள்ளி
காசிம் நானாவின் வான் வண்டியில் தளத்து வாசல்வரை. வழியெல்லாம், "பயப்படாதீங்க தங்கச்சி." அவருக்குத்தான் பயம்.
அதிகாரி சிங்களவர், ஆங்கிலத்தில் பேசினார். கொப்பிகளை மேசையில் வைத்தேன். எனக்கும் பென்சில். வால் சிறகின் சாய்வு முதல் தடவையாகச் சரியாக வந்தது. அங்கே வைத்தா வரவேண்டும்!
படத்தைக் கொப்பியோடு ஒப்பிட்டுப் பார்த்தார். கிட்ட நின்று பார்த்திருக்கிறாயா என்றார். இல்லை. ஏன் இதெல்லாம் என்றார். பார்க்க வடிவாக இருக்கிறது என்றேன். வேறு பதில் சொல்ல ஏலாது, அதுதான் உண்மை.
இனி எந்த விமானத்தையும் பார்த்துக் குறிப்பெடுக்க மாட்டேன் என்று எழுதி ஒப்பம் வைத்தேன். கொப்பிகள் அவரிடம். படமும். அப்பா திங்கள் வேலைக்கு வரலாம்.
நியமனத்தைப் பற்றிக் கேட்டேன். தன் கையில் இல்லை என்றார்.

செப். 13, திங்கள்
மப்பு வானம். அப்பா ஆறரைக்கே போய்விட்டார். 7.40க்குச் சத்தம் கேட்டது. வெளியே போகவில்லை. பால் பொங்கி ஊற்றவில்லை.
பின்னேரம் அப்பா சேட்டைக் கழற்றிக் கதிரையில் போட்டார். என்னைப் பார்க்காமல்:
"நாலு எஞ்சின்தான், பிள்ளை. இண்டைக்கு நிண்டு எண்ணினனான்."
"ஓம் அப்பா."
"வாலும் நீ கீறின மாதிரித்தான். நிமிர்ந்துதான் இருக்கு."